ஒரே கட்டி, பல சீவல்கள்: கம்ப்யூட்டரில் திசுப் படங்களைப் பொருத்தும் முறை



மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தால், அதிலிருந்து ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் தயாராவதில்லை. மெழுகில் பதித்த அந்தத் துண்டிலிருந்து அடுத்தடுத்துப் பல மெல்லிய சீவல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாயம் ஏற்றுகிறோம். ஒரு சாயம் செல்களின் அமைப்பைக் காட்டும். இன்னொன்று, ஹார்மோன் மாத்திரை இந்த நோயாளிக்குப் பலன் தருமா என்பதைக் காட்டும். வேறொன்று, விலையுயர்ந்த ஓர் ஊசி மருந்து தேவையா என்பதைச் சொல்லும். ஒரே கட்டியைப் பற்றிய சாட்சிகள் இவை. ஆனால் ஒவ்வொரு சாட்சியும் தனித்தனிக் கண்ணாடியில் இருக்கிறது.

இந்த ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து, கிடைக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். அதற்கென்று பல மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எந்த முறை, எந்த வரிசை, எந்த அளவோடு நிறுத்துவது என்று முடிவு செய்வது எளிதல்ல. ஆய்வகத்தின் வேலையைப் பற்றி அறிய விரும்பும் நண்பர்களுக்காக இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். அழகாகப் பொருந்திய படம் எப்போதும் உண்மையான படமாக இருப்பதில்லை என்பதே இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

சீவல்கள் ஏன் தாமாகப் பொருந்துவதில்லை?

மைக்ரோட்டோம் என்னும் கருவியில் மெழுகுக் கட்டையைப் பொருத்தி, கூரிய பிளேடினால் சீவும்போது, ஒவ்வொரு சீவலும் ஏறக்குறைய 4 மைக்ரான் தடிமனில் வருகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாப்போல் நீளும். அந்த நாடாவை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள்.

இந்த ஒவ்வொரு படியிலும் வடிவம் சிறிது மாறுகிறது. பிளேடு அழுத்துவதால் வெட்டும் திசையில் சீவல் சுருங்குகிறது. நீரில் பெரும்பகுதி விரிந்துவிடும், முழுவதும் விரியாது. கொழுப்புள்ள பகுதி ஒரு விதமாகவும் நார்த்தன்மையுள்ள பகுதி வேறு விதமாகவும் விரியும். கண்ணாடியில் ஏந்தும்போது ஒரு சீவல் நேராகவும் அடுத்தது சாய்வாகவும் உட்காரும். சில சாயங்களுக்காக ஸ்லைடைக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வைக்க வேண்டும். அப்போது ஓரங்கள் எழும்பி மடங்குவதுண்டு. எத்தனை கைதேர்ந்த டெக்னீஷியனானாலும் இவை அனைத்தையும் தவிர்க்க முடியாது.

இன்னும் ஒரு காரணம் உண்டு. புற்றுநோய்ச் செல் ஒன்று ஏறக்குறைய 15 முதல் 20 மைக்ரான் அகலம் இருக்கும். ஆகவே ஒரே செல்லை நான்கைந்து சீவல்கள் மட்டுமே வெட்டிச் செல்லும். பக்கத்துச் சீவலில் அதே செல்லின் வேறொரு பகுதி தெரியலாம். ஐந்தாறு சீவல் தள்ளிப் பார்த்தால் அங்கே இருப்பவை வேறு செல்கள். எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது.

இதில் நோயாளிக்கு என்ன?

ஹெர்-2 என்னும் சாயத்தை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, கட்டியின் செல்களைச் சுற்றியுள்ள உறையில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுதியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 1998-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து உயிர்காக்கும் மருந்தாக இருக்கிறது. அறுவைச் சிகிச்சையை ஒட்டித் தரப்படும்போது, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாகப் பெரும்பாலும் ஓராண்டு அதைச் செலுத்த வேண்டும். இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியது என்பதால் இடையிடையே எக்கோ பரிசோதனையும் வேண்டும். தேவையானவருக்குத் தராமற்போனால் பேரிழப்பு. தேவையற்றவருக்குத் தந்தால் அக்குடும்பத்துக்குக் கடன், உடலுக்குக் கேடு.

கட்டிக்குள் இரண்டு விதப் பகுதிகள் அருகருகே இருப்பதுண்டு. ஒன்று, பால்குழாயின் சுவருக்குள்ளேயே அடைபட்டிருக்கும் புற்று. மற்றது, சுவரை உடைத்துக்கொண்டு பரவத் தொடங்கிய புற்று. ஹெர்-2 சாயத்தைக் கணிக்கும்போது பரவத் தொடங்கிய பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பகுதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட செல்களின் உறை முழுவதும் அழுத்தமாகச் சாயமேறியிருந்தால் அது 3+ என்று எழுதப்படும். குழாய்க்குள் அடைபட்ட புற்றிலோ ஹெர்-2 அடிக்கடி பளிச்சென்று தெரியும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எது குழாய்க்குள் இருக்கிறது, எது வெளியே வந்துவிட்டது என்பதை ஹெர்-2 ஸ்லைடில் மட்டும் பார்த்துச் சொல்வது சில வேளைகளில் கடினம். ஹெமடாக்சிலினும் ஈயோசினும் சேர்ந்த வழக்கமான சாயம் அதைக் காட்டும். ஆய்வகத்தில் இதைச் சுருக்கமாக ஹெச்.இ. என்பார்கள். ஐயம் இருந்தால் பி-63 என்னும் சாயம் குழாயைச் சூழ்ந்த காவல் செல்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டிவிடும். பரவிய புற்றைச் சுற்றி அந்தக் காவல் செல்கள் இருப்பதில்லை. ஆகவே ஒரு ஸ்லைடில் கண்ட எல்லையை இன்னொரு ஸ்லைடுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் இதைக் காலங்காலமாகக் கண்ணால் செய்துவருகிறார்கள்: இரண்டு ஸ்லைடுகளை மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒரு ரத்தக்குழாயையோ கொழுப்புத் திட்டையோ அடையாளமாகப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். மென்பொருள் செய்வதும் இதே வேலைதான்.

மூன்று விதப் பொருத்தம்

முதலாவது, படத்தை நகர்த்துவதும் திருப்புவதும் மட்டும். இதற்கு மூன்றே எண்கள் போதும்: இடம் வலம் எவ்வளவு, மேல் கீழ் எவ்வளவு, எத்தனை பாகை திருப்பம். திசுவின் வடிவம் சிறிதும் மாறாது.

இரண்டாவது, அஃபைன் எனப்படும் முறை. இதில் ஆறு எண்கள். நகர்த்தித் திருப்புவதோடு, படம் முழுவதையும் ஒரே சீராக ஒரு பக்கமாக நீட்டவும் சாய்க்கவும் முடியும். பிளேடின் அழுத்தத்தால் ஏற்பட்ட சுருக்கத்தை இது பெருமளவு சரிசெய்துவிடும்.

மூன்றாவது நெகிழ்வு முறை. படத்தை ரப்பர் தாளாக எண்ணி, இங்கே கொஞ்சம் இழுத்து, அங்கே கொஞ்சம் அமுக்கி, இடத்துக்கு இடம் வெவ்வேறாக வளைக்கும். இதற்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ எண்கள் தேவைப்படும். திரையில் பார்க்க இதுவே மிக அழகாகப் பொருந்தும். கவனம் தேவைப்படுவதும் இங்கேதான்.

நில அளவையை நினைத்துப் பாருங்கள். ஒரே நிலத்தின் பழைய புலப்படத்தையும் புதிய புலப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறோம். சர்வே கற்களை ஆதாரமாக வைத்து நகர்த்தித் திருப்பினால், கற்கள் பொருந்தியபின் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்தியிருந்தால் அது தெளிவாகத் தெரிந்துவிடும். கோடுகள் எல்லாம் எப்படியாவது ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும் என்று தாளை இழுத்து வளைத்தால் வரப்பும் பொருந்திவிடும், ஆக்கிரமிப்பு மறைந்துவிடும். திசுப் படமும் இப்படியே. இரண்டு சீவல்களுக்கிடையே உண்மையாகவே உள்ள வேறுபாட்டை நெகிழ்வு முறை பிழையென்று எண்ணி அழித்துவிடக் கூடும். ஒரு சீவலில் கிழிந்துபோன இடத்தையும் மடிந்துபோன இடத்தையும் பக்கத்துத் திசுவை இழுத்து மூடி, ஒன்றும் நடவாததுபோல் காட்டிவிடக் கூடும்.

ஆகவே, கேட்ட கேள்விக்கு விடை தரும் முறைகளில் படத்தை மிகக் குறைவாக வளைக்கும் முறையையே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்?

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. 2019-இல் ஆன்ஹிர் என்னும் பெயரில், திசுப் படங்களைத் தாமாகப் பொருத்தும் முறைகளுக்கென்று ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்தது. 18 வகைச் சாயங்களில் 355 படங்கள். அவற்றிலிருந்து பொருத்த வேண்டிய 481 ஜோடிகள். மனிதர்கள் கையால் குறித்த அடையாளப் புள்ளிகளைக்கொண்டு பிழை அளக்கப்பட்டது. 256 குழுக்கள் பெயர் பதிந்தன. 10 குழுக்களே முடிவுகளை அனுப்பின. மிகச் சிறந்த முறைகளின் சராசரிப் பிழை, படத்தின் மூலைவிட்ட நீளத்தில் 0.44 சதவீதம்.

கேட்பதற்கு மிகச் சிறிய எண். ஆனால் 15 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமுமான ஒரு படத்தில் மூலைவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அதில் 0.44 சதவீதம் என்பது 93 மைக்ரான். அதாவது ஐந்தாறு செல்களின் அகலம். உலகின் சிறந்த முறைகளுக்கே சராசரி இதுவென்றால், ஒரு சீவலின் செல்லை மறு சீவலின் அதே செல்லோடு இணைத்துவிட்டோம் என்று யாரும் எளிதில் சொல்லக் கூடாது. இந்தப் பகுதி அந்தப் பகுதியோடு ஒத்திருக்கிறது என்று சொல்லலாம். அதுவே பெரும்பாலான மருத்துவக் கேள்விகளுக்குப் போதுமானது.

செல்லுக்குச் செல் ஒப்பிடுவது அவசியமானால் வழி வேறு. ஒரே சீவலில் இரண்டு சாயங்களை ஏற்றலாம். அல்லது ஒரு சாயத்தை ஸ்கேன் செய்தபின் நீக்கிவிட்டு, அதே சீவலுக்கு அடுத்த சாயம் ஏற்றலாம். அப்போது இரண்டு படங்களும் உண்மையிலேயே அதே செல்களின் படங்கள். பெரும்பாலும் நகர்த்தித் திருப்பினாலே பொருந்திவிடும்.

நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை

1. வேலை மைக்ரோட்டோமிலேயே தொடங்குகிறது. தேவையான சாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வில் சீவல்களை வெட்டிவிட வேண்டும். சில நாட்கள் கழித்து மீண்டும் கட்டையைப் பொருத்தினால், முகப்பைச் சமப்படுத்தவே பல சீவல்கள் வீணாகும். அதற்குள் திசு மாறிவிடும். ஹெச்.இ. சீவலை நடுவில் வைத்து, அதன் ஒரு பக்கத்துச் சீவலுக்கு பி-63, மறுபக்கத்துச் சீவலுக்கு ஹெர்-2 என்று ஒதுக்குவது நல்லது. ஒவ்வொரு ஸ்லைடிலும் சீவல் எண்ணைக் குறிக்க வேண்டும்.

2. எல்லா ஸ்லைடுகளையும் ஒரே பெரிதாக்கத்தில் ஸ்கேன் செய்யவேண்டும். 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவை ஒரு பிக்சலுக்கு 0.25 மைக்ரான் என்று ஸ்கேன் செய்தால், ஒரு பக்கத்துக்கு 60,000 பிக்சல்கள். மொத்தம் 360 கோடி பிக்சல்கள். சுருக்காமல் வைத்தால் ஒரே படம் ஏறக்குறைய 11 ஜி.பி. இடம் கேட்கும். ஆகவே பொருத்தத்தை முதலில் சிறிய பிரதியில் கணக்கிட வேண்டும். ஒரு பிக்சலுக்கு 8 மைக்ரான் போதுமானது. அப்போது பக்கத்துக்கு 1,875 பிக்சல்கள்தான். சாதாரண கம்ப்யூட்டரே தாங்கும். கிடைத்த விடையைப் பெரிய படத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

3. எந்தச் சீவலாவது தலைகீழாகக் கவிழ்ந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் கவிழ்ந்த சீவல் பொருந்தாது.

4. சாயங்கள் வெவ்வேறு நிறமாதலால் மென்பொருள் குழம்பும். ஆனால் உட்கருவை நீலமாக்கும் ஹெமடாக்சிலின் ஏறக்குறைய எல்லா ஸ்லைடுகளிலும் உண்டு. நிறங்களைப் பிரித்து அந்த நீலத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் பொருத்தம் நிதானமாக அமையும். நிறங்களைப் பிரிக்கும் இந்தக் கணக்கை 2001-இல் ரைஃப்ராக், ஜான்ஸ்டன் என்னும் இருவர் வெளியிட்டார்கள். இன்றும் அது பெரிதும் பயன்படுகிறது.

5. முதலில் நகர்த்தித் திருப்பும் முறை, பின் அஃபைன். அத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். போதாது என்று அளந்து தெரிந்தால் மட்டுமே நெகிழ்வு முறை; அதிலும் மென்மையான அளவில். நெகிழ்த்தியபின், கட்டம் போட்ட தாளொன்றை அதே விதமாக வளைத்துக் காட்டும்படி மென்பொருளைக் கேட்கலாம். கோடுகள் நெருங்கி ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அந்தப் படத்தை நம்பக் கூடாது.

6. சோதிக்காமல் ஏற்கக் கூடாது. ரத்தக்குழாய், குழாயின் முனை போன்ற பத்து அடையாளங்களை இரண்டு படங்களிலும் ஒருவர் கையால் குறிக்க வேண்டும். பொருத்தத்துக்குப் பயன்படுத்தாத புள்ளிகளாக அவை இருக்க வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை மைக்ரான் கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

7. எண்ணிக்கையை எப்போதும் வளைக்காத மூலப் படத்திலேயே செய்யவேண்டும். ஹெச்.இ. படத்தில் வரைந்த எல்லைக் கோட்டை மட்டும் ஹெர்-2 படத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டையும் நாம் அளந்த பிழைக்கு ஏற்ப, 100 மைக்ரான் என்றால் 100 மைக்ரான், உள்ளே தள்ளி வரைய வேண்டும். அப்போது குழாய்க்குள் அடைபட்ட புற்று தவறிக் கணக்கில் நுழையும் ஆபத்து குறைகிறது.

எந்த மென்பொருள்?

கியூபாத் என்பது பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2017-இல் கட்டுரையாக வெளிவந்த மென்பொருள். மிகப் பெரிய ஸ்லைடு படங்களைத் திறக்கவும், பகுதி வரையவும், செல்களை எண்ணவும் ஏற்றது. அதன் உள்ளேயே அஃபைன் வரை பொருத்தும் வசதி உண்டு. எல்லைக் கோட்டை ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இதுவே பெரும்பாலும் போதும். நெகிழ்வு தேவைப்பட்டால் வார்ப்பி என்னும் இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபிஜி என்பது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் பிறந்த இமேஜ்-ஜே மென்பொருளின் விரிந்த வடிவம். சிறிய அளவாக்கிய படங்கள் பலவற்றை வரிசையாக அடுக்கிப் பொருத்த இது நல்லது. எந்த முறை வரை போகலாம் என்பதை நாமே தெரிந்துகொள்ளலாம்.

வாலிஸ் என்பது அமெரிக்காவின் மாஃபிட் புற்றுநோய் மையத்தாரின் மென்பொருள். 2023-இல் கட்டுரையாக வெளிவந்தது. பல ஸ்லைடுகளைத் தானாகவே வரிசைப்படுத்தி, முதலில் விறைப்பாகவும் பின் நெகிழ்வாகவும் பொருத்தும். நெகிழ்வை வேண்டாமென்று நிறுத்தவும் முடியும். இதற்குப் பைதான் கணினி மொழி ஓரளவு தெரிந்தவர் ஒருவர் வேண்டும். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் ஸ்லைடுகளை ஆராய்ச்சிக்காகப் பார்ப்பவர்களுக்கு இது பொருத்தம்.

இவை மூன்றும் இலவசம். ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரியவை. அறிக்கையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தீர்மானித்துக் கையெழுத்திடுபவர் மருத்துவரே.

நூற்றுக்கணக்கான சீவல்களானால்

மூன்று ஸ்லைடுகளில் உள்ள சிக்கல், முழு உறுப்பையே சீவலிலிருந்து திரும்பக் கட்டி எழுப்பும்போது பன்மடங்காகிறது. இந்த முயற்சி புதிதல்ல. 1883-இல் குஸ்டாவ் போர்ன் என்பவர், ஒவ்வொரு சீவலின் வடிவத்தையும் பெரிதாக்கி மெழுகுத் தகட்டில் வெட்டி, தகடுகளை அடுக்கிக் கருவின் உறுப்புகளை உருவாக்கும் முறையை விளக்கி எழுதினார்.

ஒரு வாழைக்காயை வில்லை வில்லையாக நறுக்கி, வில்லைகளை நடுவோடு நடு பொருத்தி அடுக்கிப் பாருங்கள். நேரான தூண்தான் கிடைக்கும். காயின் வளைவு எங்கே போயிற்று? ஒவ்வொரு வில்லையும் அடுத்ததோடு நன்றாகப் பொருந்தியது. ஆனால் மொத்த வடிவம் பொய்யாயிற்று. சீவல்களை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வெட்டுவதற்கு முன் எடுத்த ஒரு படம் வேண்டும். 2013-இல் வெளியான பிக்பிரெய்ன் என்னும் பணியில், 65 வயதில் இறந்த ஒருவரின் மூளையை 20 மைக்ரான் தடிமனில் 7,404 சீவல்களாக்கித் திரும்பக் கட்டினார்கள். வெட்டுமுன் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் மூளையின் உண்மை வடிவத்துக்கு ஆதாரமாக இருந்தது. நம் சென்னையிலும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை பற்றிய 5,132 சீவல் படங்களைக் கொண்ட தரணி என்னும் தொகுப்பை 2024-இல் வெளியிட்டார்கள்.

எண்ணிக்கை மூன்றானாலும் ஏழாயிரமானாலும் பாடம் ஒன்றே. ஒரு படம் இன்னொன்றோடு பொருந்துகிறது என்பது மட்டும் சான்றாகாது. பொருத்தத்துக்கு வெளியே நிற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். ஏழாயிரம் சீவல்களுக்கு எம்.ஆர்.ஐ. படம், மூன்று சீவல்களுக்கு ஒருவர் பொறுமையாகக் கையால் குறிக்கும் பத்துப் புள்ளிகள்.

மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால் இவ்வேலையில் உண்மையான செலவு எங்கே என்பதும் நண்பர்களுக்கு விளங்கும். மழுங்காத பிளேடு, கவனமாகச் சீவும் டெக்னீஷியனின் கை, பத்துப் புள்ளிகளைக் குறிக்க ஒருவருக்குக் கிடைக்கும் அரை மணி நேரம் ஆகியவையே அவை. நன்றாகச் சீவிய சீவலுக்கு எளிய முறையே போதும். கிழிந்து மடிந்த சீவலைக் காப்பாற்றும் முறை இன்னும் யாரிடத்திலும் இல்லை. அந்த ஊசி மருந்து தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று காத்திருக்கும் ஒரு தாய்க்கு, திரையில் அழகாகத் தெரியும் படத்தைவிட, சரியான இடத்தில் பார்த்து எழுதிய ஒரு வரி விடையே தேவை.